நிமிடத்துக்கு இருநூற்று எழுபத்தாறு சுற்று

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தாராபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் என் கடைக்கு ரேடியோவோ ரிவியோ கொண்டுவருகிறவர்கள் பழுதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். எமிலியானுஸ் கிளாக்கர் அந்த ரகம் இல்லை. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, பழைய கொம்பியூட்டர் ஒன்றைப் பெட்ஷீற்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"பிள்ளை றஞ்சினி, இது நல்ல மெஷின். கண்டபடி கை வைக்கக்கூடாது," என்றார்.

கை வைக்காமல் எப்படித் திருத்துவது? மந்திரம் சொல்லியா? வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். அவருக்குப் பின்னால் இறங்கிய பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தேன்.

பேச்சியம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு கட்டுக்கரைப் பக்கம் வந்தவர். ஒரு குடியேற்றத் திட்டத்தில் அவருக்கும் கணவர் பெரியசாமிக்கும் அரை ஏக்கர் துண்டு கிடைத்தது. இருவரும் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு போர் மூண்டு ஊரே ஓடியபோது அவர்களும் வள்ளமேறி இந்தியா போனார்கள். மண்டபம் முகாமில் இருபது வருடம் போனது. பெரியசாமி அங்கேயே காலமானார். இரண்டு மகள்களோடு பேச்சியம்மா திரும்பி வந்து பார்த்தபோது துண்டு மறுபடியும் காடாகக் கிடந்தது. காணிப் பெர்மிற் ஓட்டத்திலேயே தொலைந்துபோயிருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை காணிக் கச்சேரி, அதிகாரி இருந்து காணிக் கோரிக்கைகளை விசாரிக்கிற நாள். தொண்ணூறுக்கு முன்னர் அங்கே இருந்ததற்கு ஏதாவது ஒரு எழுத்தைக் காட்டினால் அந்தத் துண்டையே திருப்பித் தருவார்கள். காட்டாவிட்டால் காணியில்லாதவர்களின் பட்டியலில் பெயரைப் போட்டு, வேறு எங்கேயோ, எப்போதோ தருவார்கள்.

"வேற எடம் எதுக்கும்மா? அங்க கெணறு கெடக்கு. அவரு ரெண்டு வருசமா ஒத்த ஆளா வெட்டினது," என்றார் பேச்சியம்மா.

அந்த எழுத்து எங்கே இருந்தது என்றால், எமிலியானுஸின் சட்டைப் பையில் இருந்த ஒரு டிஸ்கில். அந்தக் குடியேற்றத்தை நடத்திய நலன்புரிச் சங்கத்தில் அவர்தான் கிளாக்கர். தொண்ணூறு மாசியில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயரெடுத்து, இந்தக் கொம்பியூட்டரில் அடித்து வைத்திருந்தார். தாளில் இருந்தது எல்லாம் சங்கத்தின் கந்தோர்க் கட்டடத்தோடு எரிந்துபோனது. டிஸ்கும் கொம்பியூட்டரும் பள்ளிமுனையில் அவர் வீட்டு அலுமாரிக்குள் இருபத்தொரு வருடம் கிடந்து தப்பிவிட்டன.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த மாதிரி டிஸ்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். கறுப்பாக, சதுரமாக, பிடித்தால் அப்பளம் போல வளையும். கொம்பியூட்டரின் முகப்பில் அதைச் செருக இரண்டு ட்ரைவ்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. செருகினால் உள்ளே நிமிடத்துக்கு முந்நூறு சுற்று சுற்ற வேண்டும். கசற் மெதுவாக ஓடினால் பாட்டு இழுபடுமே, இதுவும் அதே சங்கதிதான். எழுதும்போது ஒரு வேகம், வாசிக்கும்போது வேறு வேகம் என்றால் கொம்பியூட்டருக்கு ஒரு சொல்லும் விளங்காது.

கீழ் ட்ரைவ்தான் எமிலியானுஸ் பட்டியலை எழுதிய ட்ரைவ். கழற்றிப் பார்த்தேன். பெல்ட் உருகித் தாராகிக் கிடந்தது. சுரண்டித் துடைத்துவிட்டு ஒரு கசற் பிளேயரின் பெல்ட்டைப் போட்டேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ஸ்குறூவின் தலையில் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் சுரண்டினேன். சுரண்டினேனா, பிறகு திருகினேனா, அங்கேதான் வினை தொடங்கியது. அப்போது எனக்குத் தெரியாது.

கொம்பியூட்டரோடு வந்த டிஸ்க்குகளில் ட்ரைவின் வேகம் பார்க்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதை மேல் ட்ரைவில் போட்டு ஓட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது. அடுத்த தரம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அடுத்தது முந்நூற்று மூன்று. தராசு முள் இப்படி ஆடினால் மீன்கடையில் அடிதடி நடக்கும். எனக்குக் கோபத்தில் விசர் வந்தது. ஆனால் அந்த விசரோடு ஒரு ஆசையும் வந்தது, உண்மையான எண் என்ன என்று பார்த்துவிட வேண்டும் என்று.

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்தேன். உள்ளே டிஸ்க் இல்லாமல் பார்த்தால் சுமையில்லாமல் ஓடும், எண் கூடிவிடும். ஆகவே ஒரு பழுதான டிஸ்கைப் போட்டு, வாசிக்கும் தலையையும் அதன்மேல் இறக்கிவிட்டேன். புது பெல்ட் குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி. கால் மணித்தியாலம் சும்மா ஓடவிட்டேன். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் எண் துள்ளும். நூறு சுற்றை அளந்து சராசரி எடுத்தேன். அதற்குப் பிறகு எண் பெட்டிப்பாம்பாக அடங்கியது. ஸ்குறூவை முடி அளவு முடி அளவாகத் திருகி முந்நூறில் நிறுத்தினேன்.

ஒரு சாட்சி போதாது என்று இரண்டாவது சாட்சியும் தேடினேன். ட்ரைவின் அடியில் சுற்றும் சக்கரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இருக்கும். ரியூப் லைற் ஒரு செக்கனுக்கு நூறு தரம் மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. வேகம் சரியாக இருந்தால், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரித் தோன்றும். வேகம் கூடினால் முன்னுக்கு நகரும், குறைந்தால் பின்னுக்கு. கடை ரியூப் லைற்றுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். கோடுகள் சுவரில் வரைந்தது போல நின்றன. எனக்கே என்மேல் பெருமை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எமிலியானுஸ் வந்து ட்ரைவைப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"என்ர சீலை ஆர் உடைச்சது?"

"எந்தச் சீல்?"

"ஸ்குறூவில இருந்த கியூட்டெக்ஸ். வேகத்தைச் சரியாப் பிடிச்சு, அது அசையாமல் இருக்கக் கிறேஸின்ர கியூட்டெக்ஸை நான் வைச்சனான். அதைச் சுரண்டிப்போட்டியளே."

கிறேஸ் அவருடைய மனைவி, அந்தக் காலத்தில் அதே கந்தோரில் வேலை செய்தவர்; அவருடைய நகச் சாயம்தான் ஸ்குறூவில் இருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஐயா, இப்ப முந்நூறில நிக்குது. புரோகிராமும் சொல்லுது, கோடும் சொல்லுது. டிஸ்கைத் தாங்கோ."

போட்டேன். ட்ரைவ் கரகரவென்று இழுத்தது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. இன்னொரு தரம் போட்டேன். அதே எழுத்து. டிஸ்கை வெளியே எடுத்துப் பார்த்தால் வாசிக்கும் தலையில் மண்ணிறத் தூள் ஒட்டியிருந்தது. இருபத்தொரு வருட உப்புக்காற்று டிஸ்கின் பூச்சை உரித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து தரம் இப்படி உரசினால் பட்டியல் தூளாகவே போய்விடும்.

புதன்கிழமை, கம்பனியே எழுதி விற்ற பழைய விளையாட்டு டிஸ்க் ஒன்றைக் கீழ் ட்ரைவில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் போல ஓடியது. அப்படியென்றால் ட்ரைவில் பிழை இல்லை.

"உங்கட டிஸ்க் செத்துப்போச்சு ஐயா," என்றேன்.

மூலையில் கதிரையில் இருந்த பேச்சியம்மா எழும்பி வந்தார். கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாளாக வந்து குந்திக்கொண்டிருந்தவர். "செத்துப்போச்சுன்னா? பேரெல்லாம் போயிருச்சாம்மா?"

என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எமிலியானுஸ் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"டிஸ்க் சாகேல்ல. என்ர வேகத்தில பிழையும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா கந்தோர் ரியூப் லைற்றுக்குக் கீழ வைச்சுக் கோடு பாப்பன். ஒரு நூல் அசையாது."

"நானும் ரியூப் லைற்றுக்குக் கீழ வைச்சுத்தான் பாத்தனான். என்ரயும் அசையேல்ல."

"அப்ப உங்கட லைற் பிழை."

"லைற் எப்பிடி ஐயா பிழைக்கும்? விசர்க்கதை கதைக்காதேங்கோ."

வயதான மனிதரோடு அப்படிக் கதைத்திருக்கக்கூடாதுதான். ஆனால் கதைத்துவிட்டேன். அவரும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பக்கத்துக் கடை வஸீர் நானாவுடையது. கலியாண வீடுகளுக்கு லைற்றும் ஸ்பீக்கரும் வாடகைக்குக் கொடுக்கிறவர். கரண்ட் போனால் தன் ஜெனரேற்றரை ஓட்டி எனக்கும் ஒரு வயர் தருவார். ஐந்து நிமிடத்தில் அது உறுமத் தொடங்கியது. என் ரியூப் லைற்றும் எரிந்தது. கொம்பியூட்டரை மறுபடியும் போட்டேன். கோடு பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்த கீழ் ட்ரைவ் மேசையில் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

கோடுகள் நடந்தன. மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் முன்னுக்கு நடந்துகொண்டிருந்தன.

"பாத்தியளோ, உங்கட முந்நூறு," என்றார் எமிலியானுஸ், வாசலில் நின்றபடி.

புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். முந்நூறு என்றது. நூறு சுற்றுச் சராசரி எடுத்தேன். அப்போதும் முந்நூறு. ட்ரைவ் மாறவில்லை. பிறகு ஏன் கோடு நடக்கிறது? சக்கரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து லைற்றைப் பார்த்தேன்.

"நானா," என்று சுவருக்கு அப்பால் கேட்கக் கூப்பிட்டேன். "உங்கட மெஷின் சரியா அம்பதில ஓடுதா?"

ஜெனரேற்றர் கொடுக்கும் கரண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் துடிக்க வேண்டும். அப்போதுதான் லைற் நூறு தரம் மினுங்கும். வஸீர் நானா சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அம்பதா? அது போன ஹஜ்ஜுப் பெருநாளோட களைச்சுப்போச்சு தங்கச்சி. நாப்பத்தெட்டு வந்தாலே அல்ஹம்துலில்லாஹ்."

நான் எமிலியானுஸின் பக்கம் திரும்பினேன். "ஐயா, உங்கட கந்தோருக்குக் கரண்ட் எங்கயிருந்து வந்தது?"

கிணற்றுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எங்கயிருந்து? ஜெனரேற்றர்தான். அந்த வருசம் அந்தப் பக்கம் வேற என்ன கரண்ட் இருந்தது?"

"புதுசோ பழசோ?"

"பழசு. வாசல்ல நிண்டு இருமிக்கொண்டிருக்கும். தண்ணிப் பம்பும் அதிலதான் ஓடினது. பம்ப் இழுக்கேக்க லைற் மங்கும்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். குடையைக் கதிரையில் சாய்த்து வைத்தார். "கர்த்தரே," என்றார் மெல்ல.

அவருக்கு விளங்கிவிட்டது. களைத்த ஜெனரேற்றரின் லைற் மெதுவாக மினுங்கியிருக்கிறது. அந்த லைற்றுக்குக் கீழே கோடு நிற்கும்வரை அவர் ட்ரைவையும் மெதுவாக்கியிருக்கிறார். ஒரு நூல் அசையாமல், அவ்வளவு கவனமாக, பிழையான வேகத்தைப் பிடித்துக் கியூட்டெக்ஸ் வைத்து மூடியிருக்கிறார். நான் அதைச் சரியான வேகத்துக்கு மாற்றிக் காரியத்தைக் கெடுத்திருக்கிறேன். கரண்ட் வந்தால் போதும், அது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்காமல் வளர்ந்த சனம் நாங்கள். அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ஐயா, விசர்க்கதை எண்டு சொன்னதுக்குக் குறை நினையாதேங்கோ. லைற்தான் பிழை."

"இல்லைப் பிள்ளை. லைற்றை நம்பின நான்தான் பிழை," என்றார்.

பேச்சியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பேரு இருக்கா, இல்லையா?"

"இருக்குது அக்கா. மெதுவாச் சுத்தினா வரும். எவ்வளவு மெதுவா எண்டுதான் தெரியேல்ல."

துடிப்பு ஒன்று குறைந்தால் சுற்று ஆறு குறையும். நாற்பத்தெட்டு என்றால் இருநூற்று எண்பத்தெட்டு சுற்று. அந்தக் கிழட்டு ஜெனரேற்றர் பம்பையும் இழுத்துக்கொண்டு எத்தனையில் ஓடியதோ? ஒவ்வொரு வேகமாகப் பட்டியல் டிஸ்கில் போட்டுப் பார்க்க முடியாது. அது தூளாகிவிடும்.

"அதே காலத்தில அதே ட்ரைவில எழுதின வேற டிஸ்க் ஏதும் கிடக்கோ? போனாலும் பரவாயில்லை எண்ட மாதிரி?"

எமிலியானுஸ் தொண்டையைச் செருமினார். "ஒண்டு கிடக்கு. அதில பெரிசா ஒண்டும் இல்லை."

"என்ன கிடக்கு?"

"கடிதங்கள்."

"ஆருக்கு?"

"கிறேஸுக்கு," என்றார். காதுவரை சிவந்துவிட்டது. "கலியாணத்துக்கு முந்தி. குடுக்கேல்ல. சும்மா அடிச்சது."

"கந்தோர் நேரத்திலயோ?" என்று வஸீர் நானா சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

அவர் வீட்டுக்குப் போய் அந்த டிஸ்கை எடுத்து வந்தார். கடைக்குள் வந்த பிறகும் உடனே தரவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தந்தார். ட்ரைவை இருநூற்று எண்பத்தெட்டில் நிறுத்திப் போட்டேன். வாசிக்கவில்லை. எண்பத்துநாலு, இல்லை. எண்பதில் திரையில் உடைந்த எழுத்துகள் வந்தன, நடுவில் ஓட்டைகளோடு. ஒவ்வொரு தரமும் தலையைத் துடைத்தேன். ஒவ்வொரு தரமும் துணியில் மண்ணிறம் கூடியது. இருநூற்று எழுபத்தாறில் முதல் வரி முழுதாக வந்தது. ஆங்கிலத்தில்தான், ஆனால் அன்புள்ள கிறேஸ் என்று ஆர் பார்த்தாலும் விளங்கும். நான் அதற்குமேல் வாசிக்கவில்லை. வாசிக்க நினைத்தாலும் முடிந்திராது. இரண்டாம் பக்கத்தோடு அந்த டிஸ்கின் பூச்சு வளையமாக உரிந்துபோனது.

"குறை நினையாதேங்கோ ஐயா."

"அவ வீட்டில மீன் வெட்டிக்கொண்டு இருக்கிறா. நேரிலயே சொல்லலாம்," என்றார். ஆனாலும் அந்த டிஸ்கைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பட்டியல் டிஸ்கைப் போட்டேன். ட்ரைவைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு, நூறு சுற்று அளந்து, இருநூற்று எழுபத்தாறில் நிற்கிறது என்று இரண்டு தரம் பார்த்த பிறகுதான் போட்டேன். ட்ரைவ் ஒருமுறை முனகியது. அடுத்த கணம் பெயர்கள் வரத் தொடங்கின. ஒரே இழுவையில் முழுவதையும் வேறு டிஸ்கில் ஏற்றினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் துண்டு. ஆங்கில எழுத்தில் பெரியசாமி. கிணறு ஒன்று. அங்கத்தவர் ஐந்து பேர்.

வாசித்துக் காட்டினேன். பேச்சியம்மா திரையில் அந்த வரிமேல் விரலை வைத்தார். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. அவர் கச்சேரிக்குக் கொடுத்திருந்த மனுவின் பிரதி என் மேசையில் இருந்தது. அதில், அப்போது இருந்தவர்கள் நாலு பேர் என்று எழுதியிருந்தது. புருசன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள்.

"ஐயா, ஒராளைக் கூட்டி எழுதிப்போட்டியள். இதைச் சாட்டாக வைச்சு, பட்டியலே பொய் எண்டு சொல்லுவினம். ஐஞ்சை நாலாக்கி அச்சடிப்பம். ஒரு எழுத்துத்தானே."

"நான் அடிச்சதில ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

"ஜெனரேற்றர் லைற்றை நம்பின ஆள் நீங்கள். இதிலயும் பிழை விட்டிருக்க மாட்டியளோ?"

"பிழை இல்லம்மா," என்றார் பேச்சியம்மா. விரலை இன்னும் எடுக்கவில்லை. "ஐயா வந்து எத்தன பேருன்னு கேட்டாரு. அப்ப எனக்கு மூணு மாசம். வயித்துல இருக்கறதையும் சேத்துக்கங்கன்னு நாந்தான் சொன்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டாரு." விரலை வரியின் கடைசிக்கு நகர்த்தினார். "வள்ளத்துல போனப்ப அது அலைச்சல் தாங்கல. முகாமுல நேரத்துக்கு முந்திப் பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. ஒம்பது நாளு இருந்துச்சு. பேரு வைக்கல. பதியவும் இல்ல. மனு எழுதுன புள்ள இருந்தவங்களச் சொல்லுங்கன்னு கேட்டுச்சா, நாலுன்னு சொல்லிட்டேன்."

எங்கேயும் பதியாத பிள்ளை. உலகத்தில் வேறு எந்தத் தாளும் அவனை எண்ணவில்லை. இந்த ஒரு டிஸ்க் மட்டும் எண்ணியிருந்தது. என் அவசரப் புத்தியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்தை ஐந்தாகவே அச்சடித்தேன். எமிலியானுஸ் கீழே கையெழுத்து வைத்து, இது தன் கையால் எடுத்த சரியான கணக்கு என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஸ்குறூவை மறுபடியும் முந்நூறுக்கு மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம், பட்டியலில் இன்னும் அறுபது குடும்பம் இருக்கிறது, ஆராவது சந்தேகப்பட்டால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். கிறேஸ் அக்காவிடம் கேட்டு வாங்கி வந்த கியூட்டெக்ஸை இந்த முறை நானே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. அதிகாரி வழுக்கைத் தலை மனிதர், களைத்துப்போய் இருந்தார். பட்டியலை வாசித்தார், கடிதத்தை வாசித்தார், மனுவைப் பக்கத்தில் வைத்து விரலால் தேடினார். நான் பயந்த இடத்திலேயே விரல் நின்றது.

"பட்டியலில ஐஞ்சு பேர் எண்டு கிடக்கு. மனுவில நாலு. ஐஞ்சாவது ஆள் எங்கயம்மா?"

எமிலியானுஸ் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேச்சியம்மா சொல்லிவிட்டார்.

"அங்க மண்டபத்து முகாமு மணல்ல வச்சிட்டு வந்துட்டேங்க. கூட்டிக்கிட்டு வர முடியல."

அதிகாரி பேனையை எடுத்தார். மனுவில் இருந்த நாலை வெட்டி, மேலே ஐந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, நாற்பத்து மூன்றாம் துண்டுக்கு முத்திரை குத்தினார்.